கொய்யாக் கன்றின் காயம்

"இது பொழைச்சுக்கும்தானே, தாயே?"

கேட்டவர் மருதையன். மகனைப் பறிகொடுத்துவிட்டு இந்த மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தவர். மடத்தின் குரு வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர்.

மருதையன் விதை போட்டு வளர்த்த கொய்யாக் கன்று அது. ஆளுயரம் வந்து, முதல் பூவும் விட்டிருந்தது. ஆடுகள் புகுந்து, முழங்கால் உயரத்தில் பட்டையைச் சுற்றிலும் உரித்துத் தின்றுவிட்டன.

வடிவம்மை காயத்தைத் தடவிப் பார்த்தார்.

"காயத்துக்குக் கீழே வெட்டிடுங்க, ஐயா."

மருதையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இலையெல்லாம் பச்சையா இருக்கே!"

"இருக்கும். ஆனா பட்டை போனதால இனி இலையிலேருந்து வேருக்குச் சத்து இறங்காது. வேரும் செத்துட்டா அப்புறம் வெட்டியும் பிரயோசனம் இல்லை."

மருதையன் வெட்டவில்லை.

சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பினார். வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். வடிவம்மை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தார்.

ஒரு காலையில் நுனி இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

வடிவம்மை அரிவாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"துளிர்க்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தாயே. வெட்டிடறேன்."

"எனக்குத் தெரியாது."

"தெரியாமலா வெட்டச் சொல்றீங்க?"

கேட்டதுமே மருதையனுக்கு உறைத்தது. இதே கேள்வியை அவர் முன்பும் ஒருவரிடம் கேட்டிருக்கிறார்.

அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், முள் குத்திய காலில் அழுகல் ஏறிக் கிடந்தான் மகன் சேந்தன். காலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

"எடுத்தா பொழைச்சிருவான்னு சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

"உறுதியா சொல்ல முடியாதுங்க."

"தெரியாமலா எடுக்கச் சொல்றீங்க?"

மருதையன் மகனின் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தன. பிள்ளையை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சிலை வைத்துக் கட்டினார்.

அந்த வாரமே கொள்ளி வைத்தார்.

மடத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"தாயே, என் மகன்..."

"அரிவாளை எடுங்க, ஐயா."

எடுத்தார்.

ஒரே வெட்டு. கன்று பூவோடு சாய்ந்தது. அதை மடியில் வாங்கிக்கொண்டு மருதையன் வாய்விட்டு அழுதார்.

வடிவம்மை தேற்றவில்லை. அவர் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மண்ணில் சாண் உயரத்துக்கு ஒரு மொட்டைக் கட்டை மட்டும் நின்றது.

"இனி என்ன செய்யணும், தாயே?"

"வேலி கட்டுங்க."

"உள்ளே ஒண்ணுமே இல்லையே."

"வேலி கட்டுங்க, ஐயா."