தகைவிலான் தொண்டையில் ஒட்டிய சிவப்பு

அந்தக் காலத்தில் பறவை கேட்டதற்கு மனிதன் பதில் சொன்னான். மனிதன் கேட்டதற்குப் பறவை பதில் சொன்னது. எந்த நாட்டுக்குப் போனாலும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. சோறுதான் வேறு வேறாக இருந்தது.

அப்போது தகைவிலான் குருவி கோடியக்கரையை விட்டு எங்கும் போனதில்லை. மற்றக் குருவிகளைப் போலத் தரையில் தத்தித் திரிந்து, உப்பளத்து வரப்பில் சிந்திய பொரியையும் நொய்யையும் பொறுக்கித் தின்று வாழ்ந்தது. ஒரு வருஷம் பங்குனியிலேயே காற்று அனலாக அடித்தது. குட்டைகள் பாளம் பாளமாக வெடித்தன. முட்டையிடும் பருவத்தில் இருந்த ஒரு ஜோடி, வடக்கே புறப்பட்ட உள்ளான் பறவைக் கூட்டத்தோடு சேர்ந்து பறந்தது. ஆணின் பெயர் கரியன். பெண்ணின் பெயர் நீலாயி.

வழியில் ஓர் உள்ளான் அவர்கள் பக்கமாக ஒதுங்கி வந்தது.

"ஒன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. போற ஊர்ல தங்குங்க, கூடு கட்டுங்க. அந்த ஊர் ஆளுங்க சமைச்சதை மட்டும் வாயில வைக்காதீங்க. எங்க சித்தப்பா வச்சாரு. திரும்புற வழி அவருக்கு மறந்துபோச்சு. பனியில நின்னாரு."

"நின்னு?" என்றான் கரியன்.

"நின்னாரு. அவ்வளவுதான்."

அந்தச் சொல்லைக் கரியன் தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தான். அதன் பிறகு கடல்களுக்கு மேலே பறந்தபோதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

அவர்கள் இறங்கியது ஜப்பானில், மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். அங்கே கினு என்ற பெண்ணும் அவள் கணவன் யஹேயும் இனிப்புக் கடை வைத்திருந்தார்கள். குருவிகள் கடைக் கூரையின் இறவாணத்தில் ஒட்டி உட்கார்ந்ததும் கினு தலையை நீட்டிப் பார்த்தாள்.

"வாங்க, வாங்க! தூரத்துல இருந்து வர்றீங்க போல. சாப்பிட்டீங்களா?"

அன்பாகக் கேட்ட கேள்விதான். கரியன் அலகை இறுக மூடிக்கொண்டான்.

நீலாயி அப்படிப்பட்டவள் இல்லை. மறுநாளே கினு வைத்த தட்டில் போய் உட்கார்ந்தாள். உப்பில் ஊறிய சிவப்புப் பழத்தைக் கொத்திவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உடம்பை உதறினாள். "ஏங்க, நம்ம நார்த்தங்காய் ஊறுகாய் இதுக்கிட்ட பிச்சை வாங்கணும்!" என்றாள். நூல் நூலாக இழையும் புளித்த பயறு அவள் அலகில் ஒட்டிக்கொண்டது. வாசற்படியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. யஹேய் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க மாமனாரே இதைத் தொடமாட்டாரு. நீ தைரியசாலிதான் தாயி!"

கரியன் சிரிக்கவில்லை. சாயங்காலம் கூட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்டான்.

"நீலாயி, கோடியக்கரை எந்தப் பக்கம்?"

அவள் தென்மேற்கே அலகை நீட்டினாள். அவன் மூச்சு விட்டான். தினமும் இதே கேள்வி. ஒருநாள் அவள் வேண்டுமென்றே வடக்கே காட்டினாள். அவன் பதறிக் கூட்டிலிருந்து விழப்போனான். "சும்மா சொன்னேங்க," என்றாள் அவள், பயந்துபோய். அதற்குப் பிறகு அவள் அந்த விளையாட்டை விளையாடவே இல்லை.

குஞ்சுகள் பொரிந்தன. அந்த ஊர்ப் பண்டம் எதுவும் குஞ்சுகளின் வாயில் படக்கூடாது என்று கரியன் சண்டை போட்டு நீலாயியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். புழு தேடித் தேடி அவர்களுக்கே கொடுத்தான். ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. புழுக்கள் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டன. கரியனின் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கினு தட்டை வைத்துவிட்டு, அவன் தொடாததைப் பார்த்து, அப்படியே எடுத்துப் போவாள். உபசரிப்பவளை இப்படி அவமானப்படுத்துகிறோமே என்று அவனுக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பனியில் நின்ற அந்தச் சித்தப்பா அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் காலையில் யஹேய் ஆவி பறக்கும் அரிசியை மர உரலில் போட்டுக் குத்தினார். கினு ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் கையை விட்டு மாவைப் புரட்டினாள். பிறகு சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, உள்ளே வெல்லம் போல இனிக்கும் சிவப்புப் பயற்றுப் பூரணத்தை வைத்து மூடினாள். வெள்ளை வெளேரென்று, வழுவழுப்பாக, ஆவி பறக்கத் தட்டில் வந்து உட்கார்ந்தன.

கரியன் கழுத்தை நீட்டினான்.

"நீலாயி! இது கொழுக்கட்டை!"

"மோச்சின்னு சொல்றாங்க."

"பேரு என்னவா இருந்தா என்ன? அரிசி மாவு, உள்ள பூரணம். நம்ம ஊர்க் கொழுக்கட்டைதான். நம்ம ஊரு பண்டத்தைத் தின்னா நம்ம ஊரு எப்படி மறக்கும்?"

இத்தனை நாள் பசியும் அந்த ஒரு நியாயத்தில் வந்து குவிந்தது. அவன் பறந்து தட்டில் இறங்கினான். கினுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் எச்சரித்தாள்.

"கிள்ளிக் கிள்ளித் தின்னுப்பா. நடுநடுவுல தேநீர் குடி. எங்க ஊர் ஆளுங்களுக்கே தொண்டையில அடைச்சுக்கும்."

"எங்க ஊர்ப் பண்டத்தை எனக்குத் தின்னத் தெரியாதா அம்மா?" என்றான் கரியன். ஒரே மூச்சில் விழுங்கினான்.

கொழுக்கட்டை என்றால் உடைந்து உள்ளே போயிருக்கும். இது உடையவில்லை. தொண்டையில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்லப் பரவியது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அவன் அலகைத் திறந்தான். காற்று வரவில்லை. மழைச் சத்தம் தூரமாகப் போயிற்று. மேலே கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்து இரை கேட்டுக் கத்துவது தெரிந்தது, கேட்கவில்லை. எதற்குப் பயந்து பயந்து ஒதுங்கினேனோ அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லையே, எனக்குத் தெரிந்ததுதான் என்று நம்பியதல்லவா வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்று அவன் நினைத்தான். கோடியக்கரை எந்தப் பக்கம் என்று தேடிப் பார்த்தான். எல்லாப் பக்கமும் இருட்டாக இருந்தது.

"ஐயோ, யாராவது வாங்களேன்!" நீலாயி அலறினாள்.

கினு அவன் வாலின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினாள். யஹேய் இரண்டு விரலால் அவன் முதுகில் தட்டினார். வால் ஓரத்து இறகுகள் கினுவின் பிடியில் நீண்டன. நடு இறகுகள் தெறித்துப் போயின. நீலாயி அவன் அலகுக்குள் தன் தலையையே நுழைத்து, கிடைத்ததைக் கவ்வி இழுத்தாள். பிசுக்கென்று அது வெளியே வந்தது. பூரணம் வழிந்து இருவர் தொண்டையும் சிவந்தது.

கரியன் பிழைத்தான். அந்தச் சிவப்பை மழை கழுவவில்லை, ஓடைத் தண்ணீரும் கழுவவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலக் கேள்வி நின்றுபோனது. இப்போது அந்த ஊர்ப் பண்டத்தை வாயில் வைத்தவன் அவன். நீலாயி திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. குளிர் தொடங்கியதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கினு வாசலில் நின்று கையை ஆட்டினாள். "அடுத்த வருஷம் வாங்க. கூட்டைக் கலைக்க மாட்டோம்." கரியன் நீலாயியை முன்னால் போகச் சொன்னான். வழி தெரியாதது வெளியே தெரிந்துவிடக்கூடாதே என்று. ஆனால் பாதிக் கடல் தாண்டியதும், அவள் திரும்புவதற்கு முன்பே தன் சிறகு சரியான பக்கம் திரும்புவதை உணர்ந்தான். மறக்கவில்லை. கோடியக்கரை வந்ததும் கீழே உப்பளம் வெயிலில் பளபளத்தது.

வரப்பில் காத்தாயி பொரி தின்றுகொண்டிருந்தாள். உப்பு வாரும் பெண். ஜோடியை அண்ணாந்து பார்த்துக் கையைத் தட்டினாள்.

"அடேய் கரியா! எங்கடா போயிருந்தீங்க? புருஷனும் பொண்டாட்டியும் சீமைக்குப் போயி வெத்தல போட்டுட்டு வந்திருக்கீங்களா? கழுத்தெல்லாம் வழியுது, தொடைக்கக்கூட நேரமில்லையா?"

சிரித்துக்கொண்டே ஒரு பிடி பொரியை வீசினாள். நீலாயி இறங்கி ஒன்றைக் கவ்வினாள். கரியன் இறங்கினான், குனிந்தான், அப்படியே நின்றான்.

"என்னங்க? இது நம்ம ஊரு. இங்க என்ன பயம்?"

"அங்க தின்னா இந்த ஊரு மறந்துடும்னு பயந்தேன், நீலாயி." அவன் பொரியை அலகால் ஒதுக்கினான். "இப்போ இதைத் தின்னா அந்தக் கூடு மறந்துபோயிடுமோன்னு இருக்கு. நம்ம புள்ளைங்க பொறந்த இடம். அந்தம்மா கலைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கு. நாம போகலேன்னா?"

"வழிதான் மறக்கலையே நமக்கு?"

"இந்தத் தடவை மறக்கல."

நீலாயி அவனையே பார்த்தாள். வாயிலிருந்த பொரியை வரப்பில் வைத்தாள். காத்தாயி, "என்னடி, எம் பொரி உங்களுக்கு எளப்பமாப் போச்சா?" என்று கேட்டது இருவர் காதிலும் விழவில்லை. எந்த மண்ணில் தின்றாலும் அந்த மண் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றால், எந்த மண்ணுக்கும் சேராத இரை எங்கே இருக்கிறது? உப்பளத்துக்கு மேலே கொசுக்கள் புகையாக எழும்பின. கரியன் அலகைத் திறந்துகொண்டு அதற்குள் பாய்ந்தான். நீலாயி பின்னாலேயே போனாள்.

அன்று முதல்தான் தகைவிலானுக்குத் தொண்டை சிவப்பு. வால் இரண்டாகப் பிரிந்திருக்கும், அதிலும் ஆணுக்கு நீளம். வருஷம் தவறாமல் போகிறது, வருகிறது. மனிதர் வீட்டு இறவாணத்திலேயே குஞ்சு பொரிக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒரு பருக்கையைத் தொடுவதில்லை. தரையில் நின்று எதையும் தின்பதில்லை. பசித்தால் காற்றில் பறந்தபடியே பிடித்துத் தின்கிறது, கீழே இருப்பது எந்த ஊர் என்று பார்க்காமல்.