நேற்றைக்குப் போய்ச் சேர்ந்த கார்

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். பொருத்தமெல்லாம் கல்யாணத்துக்குப் பார்ப்பது, பொய்க்கு எதற்கு என்பது ரேஸ் காளியண்ணனின் கட்சி. ரேஸ் என்றதும் அவர் ஏதோ பந்தயத்தில் கார் ஓட்டினவர் என்று நினைத்துவிட வேண்டாம். ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் கொஞ்ச காலம் வாடகைக்குக் குடியிருந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் உக்கடத்தில் ஜப்பார் பாயின் ஒர்க்‌ஷாப்பில் சுகுணாதேவி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணபதி ஏரியாவில் கிரைண்டர் கடை வைத்து, வம்புக்கு வரும் ஆட்களை ஒரே பார்வையில் அடக்குகிறவள். அவளையே நகம் கடிக்க வைத்தது அப்பா விட்டுப்போன கார். நீள மூக்கு வைத்த மெரூன் நிற அமெரிக்கக் கார். பந்தியில் எதிரும் புதிருமாக ஆட்கள் உட்கார்ந்த மாதிரி இஞ்சினில் இந்தப் பக்கம் நாலு சிலிண்டர், அந்தப் பக்கம் நாலு. உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த உறுமலை மறுபடி கேட்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் கார் நிற்கிற ஷெட்டின் மேல் தம்பிக்கு ஒரு கண். இருவருக்கும் நடுவில் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: தைப்பூசத்துக்குள் வண்டி தானாக ஓடி வெளியே வந்தால் அது தேவிக்கு, வராவிட்டால் பழைய இரும்புக் கடைக்கு.

வண்டிக்கு வந்த நோய் தலையில். சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட் விரிசல் விட்டிருந்தது. ஜப்பார் பாய் கழற்றிக் கொண்டுவந்து இங்கே மூலையில் சாக்குப் போட்டு மூடிவிட்டார். கம்பெனி ஹெட் இப்போது வருவதில்லை. வெளியாட்கள் அலுமினியத்தில் செய்து விற்பதைத்தான் வாங்க வேண்டும். சென்னை டீலரிடம் இரண்டு வகை உண்டு. காற்றுப் போகிற வாய் பெரிதாக ஒரு வகை, நடுத்தரமாக ஒரு வகை. எது என்று பகல் பன்னிரண்டுக்குள் போனில் சொன்னால் இந்தக் கப்பலில் வந்துவிடும். விட்டால் மாசி மாதம்தான்.

"பெரிய வாய் வேண்டாம்மா. அது பந்தயத்துல நிக்காமப் பறக்கறவனுக்கு. நம்ம சிக்னல்ல நின்னு நின்னு கெளம்பறப்ப அது இழுக்காது, சத்தந்தான் வரும்" என்றார் ஜப்பார் பாய்.

தேவி போனைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு காளியண்ணன் உள்ளே வந்தார். பின்னால் ஒரு சிமெண்டுச் சாக்கு கட்டியிருந்தது.

"ஏனுங் அம்மணி, ஹெட்டுக்கு அல்லாடறீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. நானிருக்கறப்ப கப்பலுக்கு எதுக்குங் காத்திருக்கோணும்? இந்தா, எங்கிட்ட ஒரு ஹெட்டு இருக்குது. எட்டு சிலிண்டருக்குன்னே பொறந்ததுங். வாயி எவ்வளவு பெருசுங்கறீங்க? பூனை உள்ள போயிக் குட்டி போட்டுட்டு வரும்!"

"மொபெட்டை ஏனுங்ணா தள்ளிட்டு வாறீங்க?"

"அதுக்கு இன்னிக்கு லீவு குடுத்திருக்கேனுங். காசு பணம் ஒண்ணும் வேண்டாம் அம்மணி. உங்க கார்க் கதவுல 'காளியண்ணன் ட்யூனிங்'னு பெருசா எழுதிப் போடுங், போதும்."

இன்றைக்கே கிடைக்கும் என்றதும் தேவியின் மனசு கொஞ்சம் ஆடித்தான் போயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவளுக்கும் தெரியும். தைப்பூசம் கிட்டே வந்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? போனை மடியில் வைத்தாள்.

அது போதுமே. காளியண்ணன் ஒரு பழைய டயரின் மேல் அமர்ந்துகொண்டார்.

"ஹெட்டு பொறுக்கறது ஒரு வித்தைங். இதே உக்கடத்துல மலையாட்டக் குமிச்சுக் கெடந்துச்சு. அவனவன் லைட்டு அடிச்சுப் பாக்கறான். நான் தேங்காயைத் தட்டற மாதிரி ஒவ்வொண்ணாத் தட்டிட்டே போனேன். இது மட்டும் 'என்னங்ணா'ன்னு பதில் சொல்லுச்சு. சரி, மூச்சு எப்படின்னு வாயை வெச்சு ஒரு ஊது ஊதினேன். மூணாவது கடையில பரோட்டா அடுப்பு அணைஞ்சு போச்சு."

"மாஸ்டர் அணையலையா?" என்றார் ஜப்பார் பாய், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே.

"அவரு குனிஞ்சுட்டாருங். வூட்டுக்குக் கொண்டுபோயி என் வண்டியில மாட்டி சாவியத் திருப்பினேன் பாருங். காத்தை இழுத்துது ஒரு இழுப்பு! எதுத்த வூட்டுக் கொடியில காஞ்ச வேட்டி சேலையெல்லாம் உள்ள போயிருச்சு. வானத்துல போன காக்கா பின்னாலயே பறந்து வந்து பானட்டு மேல உக்காந்துச்சு. தெருவுல காத்தே இல்லாம ஜனமெல்லாம் அடுத்த தெருவுக்குப் போயி மூச்சு வுட்டுட்டு வந்தாங்க."

"உங்களுக்கு மட்டும் மூச்சு எங்கிருந்துங்ணா வந்துச்சு?" என்றாள் தேவி.

"நான் வண்டிக்குள்ள இருந்தனே அம்மணி! தெருக் காத்து பூராவும் அங்கதான இருந்துச்சு! அந்த ஒத்தை ஹெட்டு, எட்டு சிலிண்டரையும் ஒரே மூடியா மூடிக்கிட்டு, எட்டுக்கும் சேத்து மூச்சு வாங்குது!"

ஜப்பார் பாயின் கை ஸ்பேனரின் மேல் அப்படியே நின்றது. தேவியைப் பார்த்தார். தேவிக்கும் அந்த 'ஒத்தை ஹெட்டு' அப்போதுதான் உறைத்தது. கேட்க வந்ததை விழுங்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இவ்வளவு தூரம் கேட்டாயிற்று, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அப்புறம் என்னாச்சுங்ணா?"

"ஊட்டிக்கு வுட்டேன். காரமடை தாண்டறப்பப் பாக்கறேன், என் நிழலைக் காணோம். பாவம், ஓடி வர முடியாம அங்கயே நின்னுருச்சு. மறுநா பஸ் ஏறி வந்து சேந்துச்சு. மேட்டுப்பாளையத்துல போலீஸ்காரரு விசில் ஊதறாரு. எனக்குக் கேக்கவே இல்லீங். குன்னூருல டீ குடிக்க நிறுத்தறேன், அந்த விசில் சத்தம் மூச்சு வாங்கிட்டு வந்து எம் முதுகுல தட்டுது!"

"அதுக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்தீங்களா?" என்றார் பாய்.

"சொல்ல வுடுங் பாய். கொண்டை ஊசி வளைவை வுட்டுட்டனே! அங்க முன்னால ஒரு வண்டி. ஆரன் அடிக்கறேன், வழியே வுடல. கண்ணை இடுக்கிட்டு நம்பரைப் பாத்தா, என் நம்பரு! எம் பொறத்தால நானே வந்துட்டேனுங்!"

"கேழ்வரகுல நெய் வடியுது" என்று பாய் சொன்னது காளியண்ணன் காதில் விழவில்லை. அவர் குரல் ரகசியம் சொல்வதுபோல் தாழ்ந்தது.

"இனித்தான் விசயமே. ஊட்டியில எறங்கி லாட்ஜுக்குப் போறேன். 'நீங்க நாளைக்கில்ல வரோணும்'ங்கறான். காலண்டரைப் பாத்தா முந்தின நாளு! நேத்தைக்குப் போயிச் சேந்துட்டேன் அம்மணி! அங்க மழைன்னா மழை, அப்படி மழை. அப்புடியே வண்டியத் திருப்பிட்டு வூட்டுக்கு வந்தா, கட்டில்ல நான் படுத்துத் தூங்கிட்டிருக்கேன். இன்னும் கெளம்பவே இல்ல. தட்டி எழுப்பி, 'காளியண்ணா, போகாத, ஊட்டியில மழை'ன்னு சொன்னேன். நல்ல மனுசன், கேட்டுக்கிட்டான்."

"அப்ப நீங்க ஊட்டிக்குப் போகவே இல்ல" என்றார் ஜப்பார் பாய்.

காளியண்ணன், "கதை கேக்கறதா ஹெட்டைப் பாக்கறதா?" என்று எழுந்துபோய்ச் சாக்கை அவிழ்த்தார்.

உள்ளே இருந்தது பழைய ஜீப் ஹெட். வெளியே புதுசாக வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தது. தேவி அதைப் புரட்டினாள். வரிசையாக நாலே நாலு குழி.

"இதுல நாலுதான இருக்குது. இன்னொரு ஹெட்டு எங்கீங்ணா?"

"இன்னொண்ணு எதுக்குங் அம்மணி? ஒரு இஞ்சினுக்கு ஒரு ஹெட்டுதான!" அவளுக்காக இரங்குகிற மாதிரி சிரித்தார் காளியண்ணன். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். தேவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேராக மூலைக்குப் போய்ச் சாக்கை ஒரே இழுப்பாக இழுத்தாள். விரிசல் விட்ட ஹெட் இரண்டு, ஜோடியாகப் படுத்திருந்தன.

"இந்த வண்டிக்கு ரெண்டு பந்திங்ணா. இந்தப் பக்கத்துக்கு ஒரு ஹெட்டு, அந்தப் பக்கத்துக்கு ஒரு ஹெட்டு. எங்கப்பா கூட நின்னு நானே ரெண்டு தரம் கழட்டி மாட்டியிருக்கேன். எட்டு சிலிண்டரு வெச்சு ஊட்டி வரைக்கும் போயிட்டு வந்த உங்களுக்கு இது தெரியலையே?"

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பூமிக்குள் போயிருப்பார்கள். காளியண்ணன் ஒருதரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அதைச் சொல்றதுக்குள்ள அவசரப்பட்டா எப்புடிங்? இது வலது ஹெட்டு. இடது ஹெட்டுதான் இதை வுட எச்சு வேகம். எனக்கு முன்னாடியே ஊட்டி போனது. வந்துட்டே இருக்குதுங்."

"வரட்டுங்ணா. அதுவரைக்கும் கதவுல உங்க பாதிப் பேரை எழுதி வெக்கறேன்."

கடிகாரத்தில் முள் ரெண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன. அவள் சென்னைக்குப் போன் போட்டாள். கப்பல் ஆர்டரை முடிக்கிற நேரத்துக்குக் கூப்பிடுகிறீர்களே என்று டீலர் முனகினார்.

"நடுத்தர வாயே போட்டுருங்க சார். ஆமா, ஜோடியா ரெண்டு. பெரிய வாய் வேண்டாங்க, இங்க ஒண்ணு சும்மாவே இருக்குது."

தைப்பூசத்துக்கு முன்னாலேயே கைக்கு வந்துவிடும் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். போனை வைத்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி தம்பி ஷெட்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

காளியண்ணன் ஹெட்டைச் சாக்கில் போட்டுக் கட்டினார். மொபெட்டை உதைத்தார். மறுபடி உதைத்தார். அது ஒரு இருமல்கூட இருமவில்லை. கடைசியில் தலையைக் குனிந்து தள்ள ஆரம்பித்தார்.

"காளியண்ணா" என்று ஜப்பார் பாய் பின்னாலிருந்து கூப்பிட்டார். "பாத்து மெதுவாத் தள்ளுங்க. நேத்தைக்குப் போய்ச் சேந்துறப் போறீங்க."