கசாந்திராவின் கழுத்து

மூன்று பேர் சேர்ந்து ஒருத்தியின் கையைக் கெடுத்த கதை இது. அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாடக அரங்கத்தின் வாசலில் வைக்க, கசாந்திரா சிலை செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. கிரேக்கப் புராணத்தில் அவள் ட்ராய் நகரத்து இளவரசி. வரப்போவதை முன்கூட்டியே சொல்வாள், ஆனால் யாரும் நம்பமாட்டார்கள். அது அவள்மேல் விழுந்த சாபம். ஊர் எரியப்போகிறது என்று கத்தினாள். சிரித்தார்கள். எரிந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உளி படுமுன் பெரிய ஸ்தபதி ஏகாம்பரம் ஐயா கல்லைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். அவர் தலையாட்டிய கல்லை மறுபடி யாரும் தட்டக் கூடாது. தட்டினால் அவரை அவமதித்ததாகும்.

சிலைக்கு மெருகு தேய்த்தவள் பூங்காவனம். கழுத்துக்கு வந்ததும் அவள் கை நின்றது.

"ஐயா, இங்க மட்டும் தேய்க்கிற சத்தம் செத்துப் போயிருக்கு. உள்ள விரிசல் இருக்குமோ?"

"ஆமா, கல்லு வந்து இவ காதுல பேசுதாக்கும்!" என்றார் ஐயா. பட்டறையே சிரித்தது. இரண்டாம் சிற்பியான நானும் சிரித்தேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நான் மட்டும் திரும்பி வந்து கழுத்தைத் தட்டினேன். விரிசல் விட்ட சட்டியைத் தட்டியதுபோல் மொத்தென்றது. சுத்தியலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ஐயாவுக்குப் பிறகு பட்டறை எனக்குத்தான் என்று ஒரு பேச்சு இருந்தது.

மறுநாள் சிலையைத் தூக்கும்போது, தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளப் பூங்காவனத்தை அழைத்தார் ஐயா. அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?"

"ஐயா பாத்த கல்லும்மா. சரியாத்தான் இருக்கும்."

போய்ப் பிடித்தாள். கழுத்து முறிந்தது. தலை விழுந்து அவள் வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிப்போயின.

"அவ சொன்னா, நான்தான் கேக்கல" என்று எல்லோர் முன்னும் தலையில் அடித்துக்கொண்டார் ஐயா. "மனசு வேணாம்னுச்சு, நானேதான் போய் கைய வெச்சேன்" என்று அழுதாள் பூங்காவனம். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நம்பாதவர், சந்தேகத்தோடு கை வைத்தவள், தட்டிப் பார்த்தவன். இந்த மூவரில் தலைகுனிய வேண்டியது யார்?

விடை: நான்தான். ஐயாவுக்கு உண்மை தெரியாது. அவளுக்குச் சந்தேகம்தான் இருந்தது, அதையும் வாய்விட்டுச் சொன்னாள். எனக்கோ நிச்சயமாகத் தெரியும். அவள் தன் காதையே நம்பாமல் போனது என் ஒரு வார்த்தையால். இதை இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.