பருந்து சொன்ன சொல்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழிதான் பேசினார்கள். 'இறத்தல்' என்றால் அப்போது கடந்துபோவது, அவ்வளவுதான். ஆற்றை இறந்தார்கள், மலையை இறந்தார்கள், மறுகரையில் நின்று கையசைத்தார்கள். உயிர் போனால் 'செத்தான்' என்பார்கள்.

மழை பொய்த்த ஒரு கோடையில் நக்கையின் வீட்டுப் பசுக்கள் எலும்பும் தோலுமாகிவிட்டன.

"பாலைக்கு அப்பால் மழை பெய்திருக்கிறது. என் கண்ணாலேயே பார்த்தேன்" என்றது அவர்கள் வீட்டு வேம்பில் கூடு கட்டியிருந்த பருந்து.

நக்கையின் கணவன் ஆதன் இடம் பார்த்து வரக் கிளம்பினான். வழிகாட்ட, பருந்து மேலே பறந்தது.

பருந்து மட்டும் திரும்பி வந்தது. நக்கை வாசலுக்கு ஓடினாள்.

"பாலையை இறந்தாரா?"

நடுவழிச் சுனை வற்றிக் கிடந்ததையும், ஆதன் கள்ளிப்புதரடியில் நாவறண்டு விழுந்து செத்ததையும் பருந்து பார்த்திருந்தது. போகச் சொன்னதே தான்தானே. அவள் முகத்தைப் பார்த்தது.

"இறந்துவிட்டார்" என்றது.

நக்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண் தெரியாத மாமனாரிடம் போய், "மாமா, இறந்துவிட்டாராம்" என்றாள். ஊரெல்லாம் சொன்னாள். பசுக்களை ஓட்டிப் போகக் கயிறு திரித்து வைத்தாள்.

நிலவு தேய்ந்து மறுபடி வளர்ந்தது. ஆதன் வரவில்லை. கேட்டால் பருந்து தலையைத் திருப்பிக்கொண்டது. நக்கை தோல்பையில் நீர் எடுத்துக்கொண்டு தானே நடந்தாள். கள்ளிப்புதரடியில் எலும்புகளும், அவள் நெய்து கொடுத்த துண்டும் கிடந்தன.

பின்னாலேயே வந்த பருந்து பாறையில் இறங்கியது. "உன்னிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அம்மா."

நக்கை அதை ஏசவில்லை. மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டு வீடு திரும்பினாள்.

காலடி கேட்டு மாமனார் எழுந்தார். "வந்துட்டியா அம்மா? அவன் எங்கே?"

செத்துப்போனார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கிழவர் மகனைத் தொட்டுப் பார்க்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இறந்துவிட்டார், மாமா."

சொல் அதேதான். குரல் வேறாக இருந்தது. கிழவரின் கைகள் தாழ்ந்தன. சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

அன்று முதல்தான் ஆற்றையும் மலையையும் யாரும் இறப்பதில்லை, கடக்கிறார்கள். செத்தார் என்று சொல்ல நா எழாதபோது, இறந்துவிட்டார் என்கிறோம்.