போதும் என்றால் திரும்ப வேண்டிய படகு

இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எழுந்து நடப்பேன், மறுபடி உட்காருவேன். கேட்கிற நீங்களாவது அமைதியாகக் கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அப்படி அவசரப்பட்டு நானே பலமுறை கட்சி மாறியிருக்கிறேன்.

மன்னார் வளைகுடாக் கரையில் செம்பாறைமுனை என்று ஓர் ஊர். அந்தக் கடலில் ஓங்கில்கள் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகம் டால்பின் என்று சொல்லுமே, அவைதான். அவற்றை ஆராயும் பெனிட்டா அதே ஊர்ப் பெண். வெளியூர்களிலிருந்து விடுப்பெடுத்து, சொந்தச் செலவில் வந்து தங்கி, அவளுக்கு உதவுகிறவர்கள் உண்டு. முதுகுத் துடுப்புகளைப் படமெடுப்பதும், எது எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பதும்தான் அவர்கள் வேலை. தொடுவது, தீனி போடுவது, கூடக் குதித்து நீந்துவது எதுவும் கிடையாது.

முன்பு ஒருமுறை, வந்தவர்களின் ஆசைக்காகப் படகு விரட்டிப் போனதில் ஒரு தாயும் குட்டியும் பிரிந்து போயின. அதிலிருந்து பெனிட்டா ஒரு வழக்கம் வைத்தாள். ஏறுமுன் எல்லோரும் படகின் முன்பக்கத்தில் கைவைத்து ஒப்புக்கொள்ள வேண்டும்: யாராவது ஒருவர் "போதும்" என்று சொன்னால், காரணம் கேட்காமல் படகு அங்கேயே திரும்பிவிட வேண்டும். படகோட்டி இன்னாசியிடம் அவள் அழுத்திச் சொல்லியிருந்தாள்: "நானே கெஞ்சினாலும் நீங்க கேக்கக் கூடாது அண்ணே." அவரும் கைவைத்து ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. காசு செலவழித்து வந்தவர்களுக்குப் போதும் என்று எங்கே வாய் வரும்?

அந்த வருஷம் குட்டிகள் செத்துக்கொண்டே இருந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பெனிட்டா போய்ச் சேருமுன் உடல் மூழ்கிவிடும், அல்லது சுறா தின்றுவிடும். கூட்டத்தில் இன்னும் சில தாய்கள் சினையாக இருந்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது செத்த குட்டி ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால், காரணம் தெரிந்து மற்றவற்றைக் காப்பாற்றலாம் என்று அலைந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோகிலவாணி வந்தாள். ஈரோட்டில் பிரசவ வார்டு செவிலியர். ஒருநாள் காலை இவளும் பெனிட்டாவும் இன்னாசியும் கடலுக்குப் போனார்கள். தீவைத் தாண்டியதும் ஒரு தாய் ஓங்கில் தென்பட்டது. செத்த குட்டியை மூக்கால் தாங்கித் தாங்கி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. குட்டி வழுக்கும், தாய் மூழ்கி மறுபடி தூக்கும். பார்க்கச் சகிக்கவில்லை.

"செத்து ரொம்ப நேரம் ஆகல. பின்னாலயே போங்கண்ணே, விட்டதும் எடுத்திரலாம்" என்றாள் பெனிட்டா.

படகு நெருங்க நெருங்க, தாய் குட்டியைத் தள்ளிக்கொண்டு வேகமாக விலகியது. அதற்கு மூச்சு வாங்கியது.

"போதுங்க" என்றாள் கோகிலவாணி.

பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். "இது காரணம் தெரியாம விடுற நேரமில்லம்மா. இன்னும் எத்தன குட்டி சாகணும்?"

"எங்க வார்டுலயும் இப்படித்தானுங்க. செத்துப் பொறந்த கொழந்தையப் பெத்தவளா கையில குடுக்கற வரைக்கும் நாங்க வாங்க மாட்டோம். போதுங்க."

பெனிட்டா வாயை மூடிக்கொண்டாள். இன்னாசி இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்தினார். "நான் ஓட்டல. இனி கடல் பாடு" என்றார்.

காற்றும் நீரோட்டமும் தாய் போன திசையிலேயே இருந்தன. ஓசையில்லாமல் படகு மிதந்து போய்த் தாயை நெருங்கியது. தாய் மிரண்டு மூழ்கியது. குட்டி நழுவிப் படகோரம் வந்தது. பெனிட்டா எட்டி எடுத்துக்கொண்டாள். கரை தெரியும்வரை தாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தது.

குட்டியின் வாயைச் சுற்றி நைலான் நூல் இறுகியிருந்தது. பால் குடிக்க முடியாமல் செத்திருக்கிறது. வலையைச் செப்பனிடும்போது அறுத்த துண்டுகளைக் கடலிலேயே போடுவது அந்த ஊர்ப் பழக்கம். பெனிட்டா நூலை ஊர்க்கூட்டத்தில் காட்டினாள். அன்றோடு பழக்கம் நின்றது. அடுத்துப் பிறந்த குட்டிகள் பிழைத்தன.

இப்போது சொல்லுங்கள்: கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு போதும் என்ற கோகிலவாணியா, வாயை மூடிக்கொண்டு குட்டியை எடுத்த பெனிட்டாவா, யார் பேச்சையும் தட்டாமல் இன்ஜினை நிறுத்திய இன்னாசியா, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோகிலவாணி செய்ததுதான் சரி. இன்னாசி ஒப்புக்கொண்டது திருப்புவதாக, நிறுத்துவதாக அல்ல. படகு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது என்று பழியைக் கடல்மேல் போட்டார். பெனிட்டாவுக்கும் அது தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள். "போதும்" என்ற சொல் நமக்கு நஷ்டமில்லாத நாளில் மட்டும் செல்லும் என்றால், அந்த வழக்கமே தேவையில்லை. நாம் நல்லவர்கள் என்று அந்தத் தாய்க்குத் தெரியுமா? சரி, பிழைத்த குட்டிகள்? அவை தவறு செய்த இருவரால்தான் பிழைத்தன. அதை மறுக்க எனக்கு வாயில்லை, அதுதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. குட்டிகள் பிழைத்ததைப் பெனிட்டா தொலைபேசியில் சொன்னபோது, ஊர் திரும்பியிருந்த கோகிலவாணி சந்தோஷத்தில் அழுதேவிட்டாளாம். அழுது முடித்துச் சொன்னாளாம்: "நாளைக்கு மறுபடி இப்படி நடந்தாலும், நான் போதும்னுதானுங்க சொல்லுவேன். அப்பவாவது படகைத் திருப்புங்க."