இலேசான கிட்டார்

சகாயராஜ் இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தன்னுடைய கைதானா என்று அவருக்கு ஒரு மாதமாகவே சந்தேகம்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன. எப்போதும் இல்லை. மேடையில் நின்று நாலைந்து பாட்டு வாசித்த பிறகுதான். முதலில் ஒரு குறுகுறுப்பு, அப்புறம் விரல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி. போன வாரம் உறையூரில் ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டின் நடுவிலேயே கை நின்றுவிட்டது. கீபோர்டு வாசிக்கிறவர் எப்படியோ இழுத்துச் சமாளித்தார். பாடிக்கொண்டிருந்த பெண் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

இசைக்குழுவை நடத்துகிற செல்லையா கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் தோளில் கைபோட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழாக் கச்சேரியைப் பார்ப்போம், அதுவும் முடியாவிட்டால் கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள், வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக மேடையில் நிற்கிறவரிடம் யாரும் அத்தனை அன்பாகப் பேச மாட்டார்கள், காரியம் முடிந்துபோனால் ஒழிய.

இன்று வியாழக்கிழமை.

அவர் உட்கார்ந்திருந்தது பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மெர்லினின் கிட்டார் வகுப்பில். கேள்வி ஞானத்தில் வாசித்தே காலத்தை ஓட்டியவர், புதுப் பாட்டெல்லாம் தாளில் எழுதி வருகிறதே என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொள்ள இங்கே வந்து சேர்ந்தார். சிஷ்யருக்கு நாற்பத்தேழு வயது, குருவுக்கு முப்பத்தொன்று. அவர் இவளை டீச்சர் என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் இல்லை.

மெர்லின் ஏழு மாதக் கர்ப்பிணி. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுப் போன ஒரு கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. கேட்கிறாளா இல்லையா என்று அவருக்கே பதற்றம் வந்துவிட்டது.

"அப்பாவுக்கும் இப்படித்தான் டீச்சர் ஆரம்பிச்சுச்சு," என்றார் கடைசியில். "இடது கைதான். நாப்பத்தெட்டு வயசுல."

கம்பியை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

இருபது வருடம் கழித்து அப்பாவுக்கு இரண்டாவது தடவையும் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அதற்கப்புறம் நாலு வருடம் சகாயராஜ்தான் அவரைக் குளியலறைக்கும் கட்டிலுக்குமாக நடத்தினார். இடது கையால் அவரைத் தாங்கிக்கொண்டு வலது கையால் கதவைத் திறப்பார். கொஞ்சம் அசந்தாலும் கிழவர் சரிந்துவிடுவார். போன ஐப்பசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அழுகையைவிட முதலில் வந்தது அசதிதான். அதை சகாயராஜ் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போனீர்களா என்று மெர்லின் கேட்டாள். போயிருந்தார். டாக்டர் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார், ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். நீங்கள் பயப்படுகிற எதுவும் இல்லை, கையை ரொம்ப இறுக்குகிறீர்கள் போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அப்புறம் என்ன?"

"சின்ன வயசு டாக்டர் டீச்சர். பாவம், முகத்துக்கு நேரா சொல்ல மனசு வரலையோ என்னவோ."

மெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வீட்டில் வாசிக்கும்போது மரத்துப்போகிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தினமும் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம்கூட வாசிக்கிறார், ஒன்றும் ஆவதில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. பயிற்சி போதாததால் என்றால் சரி செய்துவிடலாம். பயிற்சிக்குக் கட்டுப்படாத ஒன்று என்றால் அது நோயாகத்தானே இருக்க முடியும்?

மெர்லின் அவருடைய கிட்டார் பையைத் திறந்தாள்.

செர்ரிப் பழ நிறத்தில், மெல்லிய பலகை மாதிரி உடம்பு. மேலே இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி கூரான வளைவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"இது எப்ப வாங்குனது?"

"ரெண்டு மாசம் ஆகுது. பழசு அஞ்சு கிலோ கனம் டீச்சர். கச்சேரி முடிஞ்சா தோள்பட்டை பிச்சுக்கிட்டுப் போகும். வயசாகுதுல்ல. அதான் கடையில இருக்கறதுலயே இலேசானதா பார்த்து எடுத்தேன்."

எப்படிப் பார்த்து எடுத்தார் என்று அவள் கேட்டாள். அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ஆறு கிட்டாரை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்திருக்கிறார். தக்காளி வாங்குகிறவர்கூட அவ்வளவு பொறுமையாக நிறுத்திருக்க மாட்டார். கடைக்காரர் வாசித்துப் பாருங்கள் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறார். உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாசித்திருக்கிறார்.

"நின்னு வாசிச்சுப் பார்க்கலை?"

"கடையில யாரு டீச்சர் நின்னு வாசிக்கிறா?"

உண்மைதான். கிட்டார் கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசித்துப் பார்க்கிறார்கள். அப்புறம் வாழ்நாள் முழுவதும் நின்றுகொண்டு வாசிக்கிறார்கள்.

மெர்லின் ஸ்ட்ராப்பை எடுத்து கிட்டாரில் மாட்டி அவர் தோளில் போட்டாள். எழுந்து நின்று ஏதாவது வாசிக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கச்சேரிக்கான முதல் பாட்டையே அவர் வாசித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவள் கண் கம்பியில் இல்லை, அவருடைய மணிக்கட்டில் இருந்தது. கிட்டார் கழுத்துக்கு அடியில் அது வளைந்து, நரம்பு புடைத்து நின்றது.

கீழே டீக்கடையிலிருந்து இரண்டு டீ வந்தது. மெர்லின் ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாள். அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வலது கையால் வாங்கப்போனார்.

"இடது கையால வாங்குங்கண்ணே."

"இடது கையாலயா? மரியாதையா இருக்காது டீச்சர்."

"பரவால்ல. வாங்குங்க."

அவர் இடது கையை எடுத்தார். பாதி தூரம்கூடப் போயிருக்காது, கை தானாகத் திரும்பிவந்து கிட்டார் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை பிடிவாதமாக எட்டி டம்ளரை வாங்கிவிட்டார்.

கிட்டார் கழுத்து சரேலென்று தரையைப் பார்த்துச் சரிந்தது. தலைப்பக்கம் மேசை விளிம்பில் டங்கென்று இடித்தது. பதறிப்போய் அவர் கையை வீசியதில் டீ முழுக்கச் சட்டையில் கொட்டியது. ஐயோ, கிட்டார் போச்சே என்று குனிந்து தடவித் தடவிப் பார்த்தார். ஒரு சின்னக் கீறல்தான். சட்டைதான் பாழ்.

மெர்லின் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் துடைத்து முடித்ததும் கேட்டாள்.

"அஞ்சு கிலோ கிட்டாரைத் தூக்குனது யாருண்ணே?"

"தோளு."

"இதை?"

சகாயராஜ் தன் இடது கையைப் பார்த்தார். கிட்டாரின் உடம்பு பஞ்சாக இருக்கிறது, கழுத்து மட்டும் மரத்தின் கனத்தோடு இருக்கிறது. அப்படியானால் அது ஒரு பக்கமாகச் சாயத்தானே செய்யும். உட்கார்ந்தால் தொடை தாங்கிக்கொள்ளும். நின்றால்? இரண்டு மாதமாக ஒவ்வொரு மேடையிலும் மூன்று மணி நேரம் அதே கையால் கழுத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே கையால் கம்பிகளை அழுத்திக் கார்டும் பிடித்திருக்கிறார். தனக்குத் தெரியாமலே.

அவருக்கு உடனே பெரிய நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அடுத்த கவலையும் வந்தது. ஞாயிற்றுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது.

"அப்ப கிட்டாருக்கு எந்த உடம்பு நல்ல உடம்பு டீச்சர்?"

மெர்லின் சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய கிட்டாரைக் காட்டினாள். பத்து வருடமாக அதைத்தான் வாசிக்கிறாள். நாலு மாதமாக அது சண்டை போடுகிறது என்றாள். முதலில் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வைத்துக்கொண்டாளாம், அப்புறம் உயரத் தூக்கினாளாம், இப்போது பக்கவாட்டில் இடுப்போடு அணைத்துக்கொள்கிறாளாம். தினமும் காலையில் அதனிடம் புதிதாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"என்னன்னு கேப்பீங்க?"

"இன்னைக்கு எங்க வலிக்கப்போகுதுன்னு."

பழுதுக்கு வந்திருந்த கிட்டார்களில் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். முதலாவது தடியான, விளிம்பு மழுங்காத பலகை. கழுத்து சாயவில்லை, ஆனால் அதன் ஓரம் வலது முன்னங்கையை அறுத்தது. பின்பக்கமோ அவருடைய தொப்பையோடு மல்லுக்கு நின்றது. குருவுக்கு ஒரு வயிறு, சிஷ்யருக்கு ஒரு வயிறு, கிட்டாருக்கு இரண்டுமே ஆகவில்லை. இரண்டாவதில் முன்னங்கை படுகிற இடம் சரிவாக இழைக்கப்பட்டிருந்தது. பின்னால் வயிறு பொருந்தும்படி ஒரு குழிவு. மேல்கொம்பு நீளமாக இருந்ததால் ஸ்ட்ராப் கழுத்தின் கனத்தைச் சரியாகத் தாங்கியது. தோளில் போட்டதுமே சகாயராஜ் முகம் மலர்ந்துவிட்டது. இது ஒரு நண்பனுடையது, ஞாயிற்றுக்கிழமைக்கு நான் கேட்டு வாங்கித் தருகிறேன், இப்போது நின்று வாசியுங்கள் என்றாள் மெர்லின்.

அவர் வாசித்தார். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. முன்னங்கை வலிக்கவில்லை. தோள் வலிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இவர் இப்படி வாசித்து மெர்லின் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஐந்தாவது பாட்டில் குறுகுறுப்பு வந்தது.

அவர் நிறுத்தவில்லை. ஒருவேளை பிரமையாக இருக்கும் என்று நினைத்தார். மோதிர விரல் போயிற்று. பின்னாலேயே சுண்டு விரலும் போயிற்று. கார்டு பிசகியது. அவர் வாசிப்பை நிறுத்தினார்.

"டீச்சர், இதுலயும் மரத்துப்போகுது."

அவள் எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"அப்ப கிட்டார் இல்ல. நான்தான். அப்பாவுக்கு வந்ததுதான் இது." நாற்பத்தேழு வயது ஆள் கண்கலங்குவதை அவர் மறைக்கவும் இல்லை. "வீட்டுல இன்னும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. எனக்கு வேற வேலை தெரியாது டீச்சர்."

மெர்லின் அவருடைய இடது மணிக்கட்டைப் பார்த்தாள். வளைந்து, நரம்பு புடைத்து, கட்டைவிரல் கழுத்தின் பின்னால் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுந்தியிருந்தது.

"கையை எடுங்கண்ணே."

"வேண்டாம் டீச்சர். நண்பனோடதுன்னு சொன்னீங்க. விழுந்துடும்."

"எடுங்க."

அவர் விரல் விரலாக எடுத்தார். கட்டைவிரல் கடைசியில்தான் வந்தது. எடுத்த கையைக் கிட்டாருக்குக் கீழேயே, விழுந்தால் பிடித்துக்கொள்ள ஏந்தினாற்போல வைத்துக்கொண்டு நின்றார். அதையும் கீழே இறக்கச் சொன்னாள். இறக்கினார். தோள் மட்டும் இன்னும் தூக்கியிருந்தது. அதையும் விடச் சொன்னாள்.

கிட்டார் அசையவில்லை. ஜன்னல் வழியாகப் பேருந்து ஹாரன் சத்தம் வந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் விரல்களுக்கு ரத்தம் திரும்பிச் சுள்ளென்று எரிந்தது. அப்போதும் அது நின்ற இடத்திலேயே நின்றது.

சகாயராஜ் குனிந்து அதைப் பார்த்தார்.

"இது விழவே இல்லையே டீச்சர்," என்றார் மெதுவாக. "அப்புறம் என் கை எதைத் தாங்கிக்கிட்டிருந்துச்சு?"

மெர்லின் அவருடைய கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"பாரம் தோளுக்குப் போயிருச்சுண்ணே. அதை இந்தக் கைகிட்ட இன்னும் யாரும் சொல்லலை."