நாற்பத்தொன்றாம் வரி

“என் புரோகிராம்ல தப்பே இல்ல!”

ஞானதுரை மேஜையில் தட்டிய தட்டில் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

ஷமீமா குனிந்து அதை எடுத்து வைத்தாள்.

“ஓட்டிப் பாத்தீங்களா, அண்ணாச்சி?”

“பத்து தடவை ஓட்டிப் பாத்தாச்சு.”

“நிறுத்திப் பாத்தீங்களா?”

அவருக்குச் சுரீரென்றது. ஐம்பத்தொரு வயது அவருக்கு. இருபது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். அதை மூடிய பிறகு, பாளையங்கோட்டையில் இந்தச் சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வந்து ஜாவாஸ்கிரிப்ட் படித்தார். கற்றுக்கொடுத்தவள் ஷமீமா. அவளுக்கு இருபத்தேழு வயது.

அவர் எழுதிய முதல் பெரிய வேலை, டயாலிசிஸ் நிலையம் ஒன்றுக்கான முன்பதிவுப் பக்கம். திங்கட்கிழமைதான் நடைமுறைக்கு வந்தது.

அன்றே கடையம் ஊரிலிருந்து ஆவுடையம்மாள் என்ற நோயாளி புதன்கிழமைக்குப் பதிவு செய்தார். புதன், பன்னிரண்டாம் தேதி என்றுதான் திரை காட்டியது. புருஷன் கைத்தாங்கலாக அழைத்துவர, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

“உங்களுக்கு நேத்துல்லா போட்டிருக்கு. இன்னைக்கு இடமே இல்லியே.”

நிலையத்தில் இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியுமுன் மூச்சு முட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இந்த வியாழக்கிழமை காலையில் யாருக்கும் தெரியாது.

“திரையில பன்னிரண்டுன்னு சரியாத்தானே காட்டுது? சர்வர்ல போய்ப் பதினொண்ணுன்னு விழுந்தா நான் என்ன செய்ய? எல்லாம் சர்வரைப் பாத்துக்கிடுத அந்த வேலாயுதம் பண்ணின வேலை. காலையிலேயே போன் போட்டு நல்லா நாலு கேட்டுட்டேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“சொல்ல விட்டாத்தானே!”

ஷமீமா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். பிரவுசரில் புரோகிராமைத் திறந்தாள். நாற்பத்தொன்று என்ற வரி எண்ணின் மேல் ஒரு முறை சொடுக்கினாள். எண் நீலமாக மாறியது.

“இந்த வரிக்கு வந்ததும் அப்படியே நின்னுரும். அந்த நிமிஷம் எதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். பதிவு பண்ணுங்க.”

அவர் ‘இன்று’ என்ற பொத்தானை அமுக்கினார். பக்கம் உறைந்து நின்றது. தேதி பதிமூன்று. ஒரு வரி நகர்த்தினாள். அனுப்பப்போகும் தேதியும் பதிமூன்று.

“பாத்தியா? பாத்தியா? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

மரியாதை காற்றில் போய்விட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை.

“அந்த அம்மா ‘இன்று’ன்னா அமுக்கினாங்க?”

“எதை அமுக்கினா என்ன?”

“எனக்குத் தெரியாது. அமுக்குங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு நாள்காட்டியைத் திறந்தார். அடுத்த புதன், பத்தொன்பதைத் தொட்டார்.

பக்கம் நின்றது.

“வாசிங்க.”

“புதன், பத்தொன்பது. மணி சைபர், நிமிஷம் சைபர்.”

“ஒரு வரி நகத்துங்க.”

நகர்த்தினார்.

வாசிக்கவில்லை.

“வாசிங்க, அண்ணாச்சி.”

“பதினெட்டு.”

நாள்காட்டியில் தொட்ட தேதி அந்த நாளின் முதல் நொடியாகத்தான் உள்ளே போகும். நாற்பத்தொன்றாம் வரி அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடும். பத்தொன்பது தொடங்கும் நேரம் அங்கே பதினெட்டாம் தேதி சாயங்காலம். ‘இன்று’ பொத்தானோ நடப்பு மணியை எடுத்துக்கொள்ளும். பகல் வேளையில் ஐந்தரை மணி குறைந்தாலும் நாள் மாறாது. ஞானதுரை பத்து தடவையும் அதைத்தான் அமுக்கியிருந்தார், பட்டப்பகலில்.

வரி அவர் எழுதியது. எழுதிய நாள்கூட நினைவிருந்தது. ஒரே வரியில் முடித்துவிட்டோம் என்று டீக்கடையில் ஷமீமாவிடம் பீற்றிக்கொண்ட நாள்.

முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நீ பாத்துச் சரின்னு சொன்ன பிறகுதானே இது வெளியே போச்சு? கத்துக்குடுக்கிறவ கண்ணுல இது படவேண்டாமா? ஒரு உயிரு போயிருந்தா?”

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா,” என்றாள் ஷமீமா. “நானும் பாக்கலை.”

சண்டைக்கு எதிராளி இல்லாமல் போனது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். விசைப்பலகையை வெடுக்கென்று இழுத்தார்.

“பத்து நிமிஷத்துல சரி பண்ணிருதேன்.”

“பண்ணுங்க. நாளைக்கு வரவேண்டியவங்களுக்கு?”

அவர் கை நின்றது.

அவள் அதற்குள் பட்டியலை அச்செடுத்திருந்தாள். நாள்காட்டியில் தேதி எடுத்துப் பதிவு செய்து, இன்னும் முறை வராதவர்கள் பதினேழு பேர். ஒவ்வொருவருக்கும் திரை காட்டியது ஒரு நாள், நிலையத்தில் இருந்தது அதற்கு முந்தைய நாள்.

தாளை நடுவில் கிழித்தாள். எட்டுப் பேரைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஒன்பது பேரை அவர் முன்னால் தள்ளினாள்.

“இதுக்கு நிலையத்துல ஆள் இருக்காங்கல்ல?”

ஷமீமா ஏற்கெனவே தன் பட்டியலின் முதல் ஆளைக் கூப்பிட்டிருந்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஞானதுரை முதல் எண்ணை அழுத்தினார்.

“ஐயா, டயாலிசிஸ் பதிவு விஷயமா பேசுதேன். உங்களுக்குச் சனிக்கிழமைன்னு காட்டியிருக்கும். ஆனா நிலையத்துல நாளைக்கு, வெள்ளிக்கிழமைன்னு விழுந்திருக்கு...”

“என்னது?” அந்தப் பக்கம் ஒரு முரட்டுக் குரல். “நீங்க கூப்பிடலைன்னா நான் சனிக்கிழமைல்லா எம் மவளைக் கூட்டிட்டு வந்து நின்னிருப்பேன்? உயிரோட விளையாடுதீங்களா? எந்த மடப்பய எழுதினான் இதை? அவன் பேரைச் சொல்லும்!”

சர்வர் என்று சொல்லலாம். கம்பெனி என்று சொல்லலாம்.

“நான்தாங்க,” என்றார். “பேரு ஞானதுரை.”



அந்த மனிதர் திட்ட ஆரம்பித்தார்.

ஞானதுரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.